பழவேற்காட்டுச் சரக்குகள் – 9: நாரத்தம்பூ ஏன் கப்பல் ஏறவில்லை?

ஒரு துறைமுகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்து ஏறிய சரக்குகளைத்தான் கணக்கெடுப்பார்கள். இத்தொடரின் முந்தைய பகுதிகளிலும் அதுவே நடந்தது. துணியைப் பார்த்தோம், வெடிமருந்தைப் பார்த்தோம், சரக்கைப்போல ஏற்றப்பட்ட மனிதர்களையும் பார்த்தோம். இந்தப் பகுதி, ஏறியிருக்க வேண்டிய எல்லாக் காரணமும் இருந்தும் ஏறாமலே போன ஒரு பொருளைப் பற்றியது. நாரத்தம்பூவை வாலையில் இட்டு வடித்தால் கிடைக்கும் தைலத்துக்கு உலக வாசனைச் சந்தையில் நெரோலி என்று பெயர். மிகுந்த விலையுள்ள பூத்தைலங்களில் அது ஒன்று. பிரான்சின் தென்கரையிலும் இத்தாலியிலும் வளர்ந்த அந்தத் தொழில் இன்று துனிசியா, மொராக்கோ, எகிப்து நாடுகளில் நடக்கிறது. ஆனால் அந்த மரம் மத்தியதரைக் கடலோரத்துக்குப் போனது இந்தியாவிலிருந்து. 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமையிடமாக வைத்திருந்த டச்சுக் கம்பெனியின் கையில் இரண்டு முனைகளும் இருந்தன. மரம் வளரும் நாட்டில் அதற்குக் கோட்டை இருந்தது, வாசனைக்குப் பணம் கொடுக்கும் நாட்டில் அதற்கு ஏலக்கூடம் இருந்தது. அப்படியிருந்தும் நாரத்தம்பூத் தைலம் இக்கரையின் சரக்காகவில்லை. பழவேற்காட்டுக்குத் தெற்கே, பொன்னேரி வட்டத்தில் இருக்கும் காட்டூர் போன்ற ஊர்களில் நாரத்தை என்றால் இன்றும் ஊறுகாய்தான் நினைவுக்கு வரும்.

இதற்குச் சட்டென்று சொல்லப்படும் விடைகள் மூன்று. நம்மவர்க்கு அந்தப் பூவின் மணம் தெரியவில்லை என்பது ஒன்று. தெரிந்திருந்தாலும் வடிக்கத் தெரியவில்லை என்பது இன்னொன்று. வந்த ஐரோப்பியருக்கு அந்த மரம் தெரியாது என்பது மூன்றாவது. மூன்றும் தவறு என்பதே என் முடிவு. அறிவு எந்தப் பக்கத்திலும் குறைவாக இல்லை. பூ ஓரிடத்தில் குவியவில்லை, அவ்வளவுதான். அது குவியாததற்குக் காரணம் இங்குள்ள பருவநிலை பாதி. நாம் அந்த மரத்திடம் கேட்டது வேறொன்று என்பது மறுபாதி.

முதலில் மரத்தைச் சரியாக அடையாளம் காண வேண்டும். தமிழ்நாட்டில் நார்த்தங்காய் என்று விற்கப்படுபவை எல்லாம் ஒரே இனம் அல்ல. தடித்த தோலும் கரடுமுரடான மேனியும் கொண்ட மாதுளங்கமும் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது, உருண்டையான கசப்பு ஆரஞ்சும் அதே பெயரில் விற்கப்படுகிறது. வாசனைத் தொழிலுக்கு வேண்டியது இரண்டாவது. இலையைப் பார்த்தே வேறுபடுத்திவிடலாம். கசப்பு ஆரஞ்சின் இலைக்காம்பு இருபுறமும் இறக்கைபோல விரிந்திருக்கும். மாதுளங்கத்தின் காம்பு வெறுங்காம்பு. இந்தக் கசப்பு ஆரஞ்சு தனித்த மூல இனமும் அல்ல, பம்பளிமாசும் கமலா ஆரஞ்சும் கலந்து பிறந்த கலப்பு என்பதை 2014-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. 2018-இல் வந்த அதைவிட விரிந்த ஆய்வு, எலுமிச்சைக் குடும்பம் முழுவதற்குமே தாயகம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம் என்றது. அசாமின் கிழக்குப் பகுதி, வடக்கு பர்மா, மேற்கு யுன்னான் ஆகியவை சேர்ந்த நிலம் அது. ஆகவே சோழமண்டலக் கரைதான் இதன் பிறப்பிடம் என்று யாராவது எழுதினால் அதை ஏற்கக்கூடாது. இக்கரைக்கு அது வந்தேறிய மரம், ஆனால் மிகப் பழைய வந்தேறி.

அது மேற்கே போன கதைக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். பாக்தாதில் பிறந்து, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் மேற்குக் கரைவரை வந்துபோன வரலாற்றாசிரியர் அல்-மஸூதி. நாரஞ்சு மரம் ஹிஜ்ரி 300-க்குப் பிறகு, அதாவது கி.பி. 912-ஐ ஒட்டி, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது என்றும், பிறகு பஸ்ரா, இராக், சிரியா வழியாக பாலஸ்தீனத்துக்கும் எகிப்துக்கும் பரவியது என்றும் அவர் எழுதுகிறார். எந்தத் துறைமுகத்திலிருந்து என்று அவர் குறிக்கவில்லை என்பதால் பழவேற்காட்டுக்கு அந்தப் பெருமையைச் சூட்ட இடமில்லை. ஆனால் அவர் சொல்லும் இன்னொரு செய்தி நம் கேள்விக்கு மிக முக்கியமானது. இந்திய மண்ணும் நீரும் காற்றும் அங்கே இல்லாததால், அந்த மரம் இந்தியாவில் தனக்கிருந்த நறுமணத்தையும் அழகிய நிறத்தையும் புதிய இடத்தில் இழந்துவிட்டது என்கிறார் அவர். மணம் இந்தியாவில்தான் சிறந்தது என்பது பத்தாம் நூற்றாண்டு அரபு அறிஞர் ஒருவரின் தீர்ப்பு. அதை அப்படியே வேதியியல் உண்மையாக எடுத்துக்கொள்ள முடியாது. புதிய மண்ணுக்கு வந்த செடி பழைய மண்ணில் மேலாக இருந்தது என்று சொல்வது பயணிகளின் பொதுவான பழக்கம். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. மணம் குறைந்தது என்று கருதப்பட்ட இடத்தில்தான் பிற்காலத்தில் வாசனைத் தொழில் தழைத்தது, மணம் மிகுந்தது என்று கருதப்பட்ட இடத்தில் தழைக்கவில்லை. எனவே மணத்தின் தரம் இங்கே காரணமாக இருந்திருக்க முடியாது.

மூக்குக்குத் தெரியவில்லை என்ற வாதத்துக்குச் சங்க இலக்கியமே மறுப்பு. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூ வரிசையில் நரந்தம் இடம்பெறுகிறது. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் தன் தலையைத் தடவிக்கொடுத்த கையின் மணமாக நரந்தத்தைத்தான் நினைவுகூர்கிறது. நரந்தம் என்பது நாரத்தம்பூவா, ஒரு வாசனைப் புல்லா என்பதில் உரைகாரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் இதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப நான் விரும்பவில்லை. எலுமிச்சைக் குடும்பத்தின் மணத்தை இந்தியர்கள் விரும்பித் தேடினார்கள் என்பதற்கு இதைவிட ஐயமற்ற சான்று காமசூத்திரத்தில் இருக்கிறது. நகரவாசியின் படுக்கையருகே வைக்க வேண்டியவை என்று அது சொல்லும் பொருள்களில் மாதுளங்கத் தோலும் ஒன்று. முகலாயர் காலத்துக்கு வந்தால் சான்று இன்னும் நேரானது. அக்பர் அவையின் அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரியில் வாசனைப் பொருள்களின் விலைப்பட்டியல் உள்ளது. பன்னீருக்குப் பக்கத்தில் அரக்-இ-பஹார் என்ற வடிநீரும் அதில் இருக்கிறது. பாரசீக மரபில் அது நாரத்தம்பூ நீர். மணமும் தெரிந்திருந்தது, வடித்தும் பார்த்திருந்தார்கள்.

வடிக்கும் கலை வடக்கே மட்டும் இருந்தது என்றும் சொல்ல முடியாது. கன்னோசியில் செப்பு அண்டாவில் பூவும் நீரும் இட்டு, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் சந்தனத் தைலம் உள்ள குடுவைக்குள் இறக்கி அத்தர் எடுக்கும் முறை பெயர்பெற்றது. தமிழ் மருத்துவரிடம் வாலை இருந்தது. ஓமத் தீநீரும் சோம்புத் தீநீரும் அதில்தான் இறங்கின. ஓமத்தை வடித்து வாசனை நீராக்கத் தெரிந்தவருக்கு நாரத்தம்பூவை வடிக்கப் புதிதாகக் கற்க வேண்டியது எதுவும் இல்லை. கொதி, ஆவி, குளிர்ச்சி என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. நெரோலியும் இன்றுவரை பெரும்பாலும் நீரோடு கொதிக்கவைத்தும் நீராவி செலுத்தியும்தான் வடிக்கப்படுகிறது.

ஐரோப்பியருக்கு மரம் தெரியாது என்ற வாதம் டச்சுக்காரர் விஷயத்தில் முற்றிலும் பொருந்தாது. ஆரஞ்சு அவர்களுடைய அரச குடும்பத்தின் அடையாளம். பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் செல்வர்கள் ஆரஞ்சு மரங்களைப் பெரிய மரத்தொட்டிகளில் வைத்து, குளிர்காலத்தில் அடுப்பு மூட்டிய கண்ணாடிக் கூடங்களுக்குள் நகர்த்தி வளர்த்தார்கள். 1676-இல் யான் கொம்மெலின் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நெதர்லாந்தில் வளர்ப்பதையும் பயன்படுத்துவதையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அதே கொம்மெலின்தான், 1678 முதல் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்னும் மலையாளக் கரைத் தாவர நூலின் பதிப்புப் பணியிலும் ஈடுபட்டவர். ஆரஞ்சு மரத்தைத் தன் ஊரில் போற்றி வளர்த்த ஒருவர் இந்தியத் தாவரங்களின் படங்களையும் குறிப்புகளையும் மேசைமேல் வைத்திருந்த காலத்தில், அவர் நாட்டின் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. தேவைக்கும் குறைவில்லை. இத்தாலியில் நெரோலா என்ற ஊரின் இளவரசியாயிருந்த ஆன் மரீ ஒர்சினி தம் கையுறைகளுக்கு இந்தப் பூத்தைலத்தை ஊட்டியதால் அதற்கு நெரோலி என்ற பெயர் வந்தது என்பார்கள். அது அந்த நூற்றாண்டின் பிற்பகுதி. 1709-இல் கொலோன் நகரில் ஃபரினா நிறுவிய வாசனைநீர்க் கடையிலிருந்து தொடங்கிய கொலோன் மரபில், எலுமிச்சைக் குடும்பத் தோல்களின் தைலத்தோடு நெரோலி பிரிக்க முடியாத பங்காயிற்று. ஹாலந்துக்கு அடுத்த வாசலில் சந்தை திறந்தது.

அப்படியானால் தடை எங்கே? கணக்கைப் பார்த்தால் தெரியும். நாரத்தம்பூவில் தைலம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு கிலோ நெரோலிக்கு ஏறத்தாழ ஒரு டன் பூ வேண்டும். நன்கு வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் தரும் பூ பெரும்பாலும் பத்து, இருபது கிலோவுக்குள் அடங்கும். அதாவது ஒரு கிலோ தைலத்துக்கு ஐம்பது முதல் நூறு மரங்களின் முழுப் பூவும் தேவை. அதுவும் கையால் பறித்த, இதழ் அப்போதுதான் விரிகிற பூ. பறித்த பூவை மலைபோல் குவித்துவைத்து நாள்கடத்த முடியாது. சூடேறி நிறம் மாறும், மணம் கெடும். அன்று பறித்ததை அன்றே வாலையில் ஏற்ற வேண்டும். எனவே இந்தத் தொழிலுக்கு ஊருக்கு நாலு மரம் என்று ஆயிரம் ஊர்களில் இருப்பதால் பயனில்லை. ஒரே சரிவில், ஒரே வாரங்களில், நூற்றுக்கணக்கான மரங்கள் சேர்ந்து பூத்தாக வேண்டும். பழவேற்காட்டு ஏரியின் இறால் வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். படகுகள் எல்லாம் ஒரே கரையில் ஒரே வேளையில் அடையும் இடத்துக்குத்தான் ஏலக்காரரும் ஐஸ் வண்டியும் வருவார்கள்.

மத்தியதரைக் கடலோரத்தில் அந்த ஒருசேரப் பூக்கும் வேலையைக் குளிர்காலம் செய்துகொடுக்கிறது. எலுமிச்சைக் குடும்ப மரங்களில் பூ அரும்புவதற்குத் தூண்டுதலாக இருப்பவை இரண்டு: குளிர், வறட்சி. தென் பிரான்சின் கிராஸ், வல்லோரி பகுதிகளின் குளிரில் மரம் வளர்ச்சியை நிறுத்தி உறங்கும். வெயில் திரும்பியதும் எல்லா மரங்களும் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றாய்ப் பூக்கும். அந்தச் சில வாரங்களுக்கு ஊரே மரத்தடியில் இருக்கும். வல்லோரியில் நாரத்தம்பூ விவசாயிகள் 1904-இல் நெரோலியம் என்ற கூட்டுறவு அமைத்துத் தங்கள் பூவைத் தாங்களே வடித்ததெல்லாம் இந்தக் குவிப்பின் மேல் எழுந்ததுதான். 1956 பிப்ரவரியில் வந்த கடும் உறைபனி அங்குள்ள மரங்களை அழித்தபோது தொழிலும் அங்கே சரிந்தது. வாலைகளும் அறிவும் அப்படியே இருந்தன. மரக்கூட்டம் மட்டும் போயிற்று. அறிவு முதலா, குவிப்பு முதலா என்ற கேள்விக்கு அந்த ஒரு குளிர்காலமே விடை சொல்லிவிடுகிறது. சோழமண்டலக் கரையில் உறக்கம் தரும் குளிர் கிடையாது. மரம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஆண்டில் பலமுறை, கிளைக்குக் கிளை வேறுபட்டுப் பூக்கும். கொல்லையில் எந்நேரமும் கொஞ்சம் மணம் இருக்கும். ஆனால் வாலை நிறையும் அளவுக்கு ஒரு நாளும் பூ சேராது.

இங்கே நல்ல மறுப்பு ஒன்று எழும். குளிர் இல்லாவிட்டால் என்ன, வறட்சி போதுமே, நாகபுரியில் ஆரஞ்சு விவசாயிகள் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டு, பிறகு பாய்ச்சி, தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் பூக்கவைக்கவில்லையா? ஆம், வைக்கிறார்கள். அம்பே பஹார், மிருக் பஹார் என்று அதற்குப் பருவப் பெயர்களும் உண்டு. ஆகவே பருவநிலை மட்டுமே தடை என்று சொன்னால் என் வாதம் இங்கே உடைந்துவிடும். ஆனால் நாகபுரி விவசாயி பூக்கவைப்பது பழத்துக்காக. மரத்தை வாடவிடும் துணிவு அவருக்கு வருவது அடுத்த ஆண்டுச் சந்தையில் அந்தப் பழத்துக்கு விலை இருப்பதால்தான். பூவுக்காக அதே பாடுபடும் ஒருவர் தோன்ற வேண்டுமானால், பழத்தைவிடப் பூவுக்கு மதிப்பு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது நேர்மாறாக இருந்தது. என் வாதத்தின் மறுபாதி இதுதான்.

கசப்பு ஆரஞ்சின் பழத்தை மத்தியதரை நாடுகள் பெரும்பாலும் உண்ணவில்லை. இனிப்பு ஆரஞ்சு பரவியபின் கசப்புப் பழத்துக்கு அங்கே இருந்த மதிப்பும் குறைந்தது. பூவைப் பறித்தால் யாருடைய உணவும் குறையாது. பழத்துக்குச் சந்தை கிடைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஸ்பெயினின் செவில் நகரம் சான்று. தெருவெல்லாம் கசப்பு ஆரஞ்சு நிற்கும் அந்நகரின் பெயர் உலகுக்குத் தெரிவது பூத்தைலத்தால் அல்ல, ஆங்கிலேயர் மார்மலேடு காய்ச்ச வாங்கிப்போகும் பழத்தால். தமிழர்களோ அந்தக் கசப்பையே விரும்பினார்கள். நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி உப்பிட்டு வெயிலில் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் அது தொடுகறி. காய்ச்சலில் வாய் கசந்தவருக்கும், மசக்கையில் குமட்டும் பெண்ணுக்கும் முதலில் தேடுவது அதைத்தான். உப்புக்குக் குறைவில்லாத, சோற்றோடு தொட்டுக்கொள்ள நீண்டநாள் தாங்கும் பொருள் வேண்டிய கடலோரத்துக்கு இது பொருத்தமான உணவு. இலையையும் விடவில்லை. நாரத்தை இலையை நரம்பு நீக்கி, எலுமிச்சை இலை, மிளகாய், பெருங்காயம், ஓமம், உப்புச் சேர்த்து இடித்த வேப்பிலைக்கட்டியைத் தயிர்ச்சோற்றோடு உண்பவர், அறியாமலேயே ஒரு வாசனைப் பொருளைத்தான் உண்கிறார். அந்த இலையையும் இளங்கொம்பையும் வடித்தால் கிடைக்கும் தைலம் பெட்டிகிரெய்ன் என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாகிறது. லினலைல் அசிடேட், லினலூல் என்னும் இரண்டு கூறுகளே அதன் மணத்துக்கு முதுகெலும்பு. பூத்தைலத்திலும் அவை உண்டு. தமிழ்ச் சமையல் அந்த மணத்தை நாவின் வழியாக வாங்கிக்கொண்டது. ஆயிரம் வீடுகள் ஒரு மரத்தைக் கொல்லையில் வைத்துக் காய்க்கும் இலைக்கும் காத்திருக்கும்போது, பூவைப் பறித்துக் கொடு என்று எந்த வணிகர் கேட்டாலும் கிடைத்திருக்காது.

பூத்ததில் நூற்றுக்கு ஓரிரண்டுதானே காயாகிறது, மீதி உதிர்கிறதே, அதை எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். உண்மைதான், எலுமிச்சைக் குடும்பத்தில் பெரும்பாலான பூ உதிர்ந்தே போகும். ஆனால் தானே உதிர்ந்த பூ வாடிய பூ. அதையும் ஒரு மரத்தடியில் கூட்டி எடுத்தால் ஒரு கை அளவு தேறும். மறுபடியும் குவிப்புக்கே வந்து நிற்கிறோம்.

டச்சுக் கம்பெனி முயன்றிருந்தால் தோட்டம் போட்டிருக்க முடியாதா? கம்பெனி சோழமண்டலத்தில் எப்படி வியாபாரம் செய்தது என்று முன்பகுதிகளில் பார்த்ததை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். அது தறி வைக்கவில்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கான தறிகள் ஓடிக்கொண்டிருந்த நாட்டில் வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணியைச் சேர்த்தது. வாசனைப் பொருள்களிலும் அதே வழிதான். சுமத்திராவின் சாம்பிராணியையும், கற்பூரத்தையும், சந்தனக் கட்டையையும், வங்கத்திலிருந்து கிடைத்த கஸ்தூரியையும் அது கையாண்டது. அவை எல்லாம் காய்ந்த, கெடாத, யாரோ முன்பே சேர்த்துவைத்த பொருள்கள். வாடும் பூவைச் சேர்த்துத் தைலமாக்கித் தரும் இடைநிலை ஆள் இக்கரையில் இல்லாதபோது, கம்பெனிக்கு வாங்க ஒன்றும் இல்லை. இருக்கும் குவியலைக் கைப்பற்றுவதில் அது வல்லது. இல்லாத குவியலை இக்கரையில் உண்டாக்க அது முனையவில்லை.

வேறொரு மறுப்பு வாசனைப் பழக்கத்தின் பக்கமிருந்து வரும். நம் நாட்டு வாசனை சந்தனக் குழம்பு, புனுகு, அகில் என்று உடம்பில் பூசி நிற்கும் கனமான மணம். நாரத்தம்பூ மணமோ லேசானது, சீக்கிரம் பறப்பது. ஐரோப்பாவில் சாராயத்தில் கரைத்துத் தெளிக்கும் வழக்கம் வந்ததால் அதற்கு வாழ்வு கிடைத்தது, இங்கே அது கிடைக்கவில்லை என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பு இருக்கிறதே! லேசான, தெளிக்கும் வாசனை நீரைத் தமிழர்கள் வேண்டாமென்று தள்ளவில்லை. மொராக்கோவிலும் துனிசியாவிலும் விருந்தினர்மேல் நாரத்தம்பூ நீரைத் தெளிப்பதுபோல நாம் ரோஜாநீரைத் தெளித்தோம். ரோஜாநீர் வந்தது குவிந்திருந்த இடங்களிலிருந்து. முன்பு பாரசீக வளைகுடா வழியாக வந்தது. பின்பு கங்கைக் கரையில் காசீப்பூர் ரோஜாத் தோட்டங்களிலிருந்து வந்தது. 1824-இல் அவ்வழியே போன பிஷப் ஹீபர் அந்த ரோஜா வயல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே வாசனைப் பழக்கம் தடுத்தது என்று சொல்வதைவிட, ரோஜா வயல் இருந்தது, நாரத்தந்தோப்பு இல்லை என்று சொல்வதே பொருந்தும்.

இந்த வாதத்துக்கு நம் காலத்துச் சான்று ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் தமிழ்நாடு உலக வாசனைத் தொழிலுக்குப் பூச்சாறு அனுப்பும் முக்கியமான இடங்களில் ஒன்றாகிவிட்டது. மல்லிகை, ஜாதிமல்லி, சம்பங்கி ஆகியவற்றைக் கரைப்பானில் ஊறவைத்து மெழுகுத் திரளாக எடுக்கும் ஆலைகள் மதுரை, திண்டுக்கல், கோவை, சத்தியமங்கலம் பக்கங்களில் நடக்கின்றன. அந்தப் பூக்கள் வாசனை ஆலைக்காகப் பயிரிடப்பட்டவை அல்ல. கூந்தலுக்கும் கோயிலுக்கும் பயிரிடப்பட்டு, விடியற்காலையில் பூமார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகக் குவிந்தவை. முகூர்த்தம் இல்லாத நாளில் விலை விழும்போது ஆலை வாங்கிக்கொள்ளும். குவியல் முன்பே இருந்தது, ஆலை அதன் பக்கத்தில் வந்து அமர்ந்தது. நாரத்தம்பூவை யாரும் தலையில் சூடவில்லை, மாலையாகக் கட்டவில்லை. அதனால் அதற்கு மார்க்கெட் இல்லை, ஆகவே ஆலையும் இல்லை. மல்லிகையின் ஆட்சி நாரத்தையை ஒதுக்கியது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. அது கொஞ்சம் கூடுதலான சொல்தான், ஆனால் அடிப்படையில் தவறில்லை.

பராகுவேயின் கதை இதை எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. ஜெசூட் பாதிரியார்கள் தென் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கசப்பு ஆரஞ்சு அங்கே காடாகப் பரவியது. 1870களில் பிரெஞ்சுத் தாவர அறிஞர் பெஞ்சமின் பலான்சா அங்கே வாலை அமைத்தார். ஆனால் அந்நாடு புகழ்பெற்றது பூத்தைலத்துக்கு அல்ல, இலைத்தைலத்துக்கு. பூவுக்குச் சில வாரங்கள்தான், இலை ஆண்டு முழுதும் இருக்கும், கிளையோடு வெட்டி ஏற்றலாம், வெட்டிய கிளை மறுபடி தழைக்கும். வெப்பநாட்டில் நாரத்தை வாசனைத் தொழிலுக்குள் நுழையும் இயல்பான வாசல் இலைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்த இலை நம் கொல்லைகளில் எப்போதும் இருந்தது. ஆனால் காடாக இல்லை.

காலமும் கைகொடுக்கவில்லை. பழவேற்காடு 1825-இல் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போனபோது, சென்னையின் நிழலில் அது துறைமுகமாகவே மங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஜெர்மனியின் ஷிம்மல் நிறுவன ஆய்வாளர்கள் நெரோலியின் தனித்த மணத்துக்கு மெத்தில் ஆந்த்ரானிலேட் என்ற கூறு முக்கியம் என்று கண்டார்கள். அதைச் செயற்கையாகச் செய்ய முடிந்தபின், மலிவான சோப்புக்கும் கொலோனுக்கும் இயற்கைப் பூ தேவையில்லாமல் போயிற்று. இனிமேல் புதிதாகத் தோப்பு வைக்கத் துணிகிறவர், உயர்விலைச் சந்தைக்கு மட்டுமே வைக்க முடியும்.

அப்படி ஒருவர் தமிழ்நாட்டில் துணிந்தால் காட்டூரைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எலுமிச்சைக் குடும்பம் உப்பைத் தாங்காது. குளோரைடு ஏறினால் இலை நுனி கருகும், பிறகு இலையே கொட்டும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் 1960களிலிருந்து நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்து பல கிலோமீட்டர் வரை கிணறுகளை உவர்ப்பாக்கியது. ஏரிப்பாசனம் எட்டும் நெல்வயல்கள் ஒருபக்கம், மறுபக்கம் காயல் என்று நிற்கும் இந்த ஊர்களில் கொல்லை நாரத்தையே இப்போது பாடுபட்டுத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பூத்தைலம் வேண்டுமென்றால் குளிர் கொஞ்சமாவது இறங்கும் சிறுமலை, கீழ்ப்பழனி, சேர்வராயன் சரிவுகளைத்தான் பார்க்க வேண்டும். அங்கே கமலா ஆரஞ்சு நன்றாக விளைந்த காலம் ஒன்று இருந்தது. இலைத்தைலம் போதுமென்றால் நல்ல தண்ணீர் உள்ள எந்தச் சமவெளியும் போதும்.

என் வாதத்துக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. வங்கக் கடலின் இதே கரையில், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், வேலியோரத் தாழையின் ஆண்பூவை மழைக்காலத்தில் பறித்து, வயலருகே வாலை வைத்து வடித்து, கன்னோசி வணிகர்க்கு விற்கும் தொழில் நடக்கிறது. அந்தத் தாழைப்பூத் தைலத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தாழை உப்புக்காற்றுக்கு அஞ்சாதது. பழவேற்காட்டுக் கடலோர மணல்மேட்டிலும் வளரும். தமிழ்ப் பெண்கள் அதைச் சடையில் வைத்துத் தைத்துக்கொண்டார்கள், ஆகவே பூவுக்கு மதிப்பில்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு ஏன் பழவேற்காட்டில் தாழை வாலை எழவில்லை? அடுத்த பகுதி அந்தக் கேள்வியோடு தொடங்கும்.